சாக்வெல்லில் கடல் இல்லை

மகளின் ஹெட்போனை நேற்று ஏதோ ஒரு காரியத்துக்காகக் காதில் மாட்டினேன். காதை மூடும் பஞ்சு ஓரத்தில் கிழிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் ஊறி, கொஞ்சம் வியர்வையும் கொஞ்சம் மல்லிகையும் கலந்த ஒரு வாசனை. உள்ளே ஒலிக்க வேண்டியது ஒலிக்கத் தொடங்கும் முன்பே அந்த வாசனை என்னைத் தூக்கிக்கொண்டு போய் ராயபுரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. அந்த அலுவலகத்தில் ஹெட்செட் எவருக்கும் சொந்தம் இல்லை. காலை ஷிப்ட்டின் காதிலிருந்து கழன்று எங்கள் காதுக்கு வரும். யார் உட்கார்ந்து போயிருக்கிறார் என்று மூக்கே சொல்லிவிடும். ஒரு நாள் தலைவலித் தைலம், ஒரு நாள் அத்தர், ஒரு நாள் முடிக்குப் போடும் மை. பக்கத்து நாற்காலியில் உட்காரும் அக்கா துப்பட்டா முனையால் அந்தப் பஞ்சைத் துடைத்துக்கொண்டே சொல்வாள்: “எந்த மவராசி காதோ, ஒரு வேள கொழம்பு தாளிக்கற எண்ணெய வுட்டுட்டுப் போயிருக்கா.”

சுனாமிக்கு அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ. துறைமுகத்தை ஒட்டி, பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றை இடித்துக் கட்டிய நான்கு மாடிக் கட்டடம். கீழே ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் உள்ளே போக முறை வரும் என்று வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் பற்ற வைத்துச் சோறு பொங்குவார்கள். மேலே கண்ணாடிக்குள் நாங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு லண்டன்காரர்களுக்கு ரயில் நேரம் சொல்லிக்கொண்டிருப்போம். அவர்கள் அங்கே ஒரு எண்ணைச் சுழற்றினால் இங்கே எங்கள் காதில் ‘பீப்’ என்று ஒரு சத்தம். அடுத்த ரயில் எத்தனை மணிக்கு, எந்த பிளாட்பாரம், போய் வர டிக்கெட் எவ்வளவு. திரையைப் பார்த்து வாசிப்பதுதான் வேலை. இங்கே வெயில் சாயத் தொடங்கும்போது அங்கே காலை. வாசலுக்கு நேராக ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். அன்றைய லண்டன் வானிலையை அதில் எழுதி வைப்பார்கள். ‘தூறல். குளிர்காற்று.’ தார் உருகும் ரோட்டில் நடந்து வந்து அந்தப் பலகையைப் படித்துவிட்டு, “ஆமாம், மோசமான வானிலை” என்று ஆங்கிலத்தில் பெருமூச்சு விடப் பழகியிருந்தோம். எல்லோருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெயர். எங்கிருந்து பேசுகிறோம் என்று மட்டும் சொல்லக் கூடாது. சில சமயம் கப்பலின் ஊதல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிடும். அது என்ன சத்தம் என்று கேட்டால், பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது என்று சொல்லப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அக்கா மட்டும் “அது கப்பல், சார். எனக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறது” என்பாள்.

அக்காவுக்கு என்னைவிட நாலு வயது கூட இருக்கலாம். திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண். கான்வென்ட்டில் படித்து, ஆங்கிலத்தில் பட்டம் வாங்கி, ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள். நான் விம்கோ நகரில் ஒரு தொழிற்சாலை மூடியதும் வேறு போக்கிடம் இல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்தவன். என் ஆங்கிலம் ஸ்பேனர் பிடித்த ஆங்கிலம். அவளுடையது கன்னியாஸ்திரிகள் சொல்லிக் கொடுத்த, மடிப்புக் கலையாத ஆங்கிலம். ஆனால் அந்த மடிப்புக்குள் ஒரு குறுகுறுப்பு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் அவளை எனக்குப் பிடிக்கக் காரணம், அவள் வேலைக்கு ஆபத்தாக இருந்ததும் அதுதான்.

அழைப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அவசரம். ஆனால் பத்தில் ஒருவர், வெயில் அடித்த சந்தோஷத்திலோ வீட்டில் உட்கார முடியாத சலிப்பிலோ, “இன்றைக்குப் போய் இன்றைக்கே திரும்புகிற மாதிரி எங்கேயாவது சொல்லேன்” என்று கேட்பார்கள். நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நேரம் மட்டும்தான் சொல்ல முடியும் என்போம். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாள். எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள் அவள் வாயில் வராது. பிரைட்டனா, ஆக்ஸ்ஃபோர்டா, வின்ட்சர் கோட்டையா என்று அவர்களே இழுத்தால், மைக்கை அடைத்துக்கொண்டு, “அங்கதான் ஊரே போய் நிக்குதே, நீயும் போய் இன்னா செய்யப் போற” என்று தமிழில் ஒரு முறை சொல்லிவிட்டு, பிறகு தேன் தடவிய குரலில் வேறொரு ஊரைச் சொல்வாள்.

அந்த ஊர்களை அவள் எங்கிருந்து பொறுக்கினாள்? அழைப்பவர்களிடமிருந்தேதான். திரை மெதுவாகத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் எல்லோரும் வானிலையைப் பேசுவோம், அவள், “நீங்கள் போகிற ஊரில் என்ன இருக்கிறது?” என்று கேட்பாள். மனிதர்களுக்குத் தங்கள் ஊரைப் பற்றி யாராவது கேட்டால் போதும். ஃபேவர்ஷாம் என்ற சின்ன ஊரில் பீர் ஆலையில் தானியம் வேகும் நாளில் தெருவெல்லாம் பால்சோறு வாசனை அடிக்கும் என்று ஒரு கிழவி சொல்லியிருந்தாள். ஷீர்னஸ் என்று ஒரு தீவு ஊர். துறைமுகம், இரும்பு உருக்கும் ஆலை, துருப்பிடித்த வேலி. “நம்ம எண்ணூரு மாதிரியே கீது தம்பி, அங்க யாரும் சுத்திப் பாக்கப் போவ மாட்டான், அதான் நா அனுப்பறேன்.” ரை என்று ஓர் ஊர் ஒரு காலத்தில் துறைமுகமாம். கடல் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, இப்போது ஊர் மட்டும் மேட்டில் நிற்கிறதாம். இதைக் கேட்ட நாளில் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். திருவொற்றியூரில் எங்கள் கடல் ஊரைத் தேடி வருகிற கடல். அவள் பிறந்தபோது வாசலுக்கு முன்னால் மூன்று தெருக்கள் இருந்தனவாம். அவள் பட்டம் வாங்கும்போது பாறாங்கல் கொட்டிய கரையும் அதற்குப் பின்னால் அவள் வாசலும்தான். கடல் ஓர் ஊரை விட்டு விலகிப் போகும் என்பது அவளுக்கு நம்ப முடியாத வசதியாகப் பட்டது.

“யக்கா, நேர்ல பாத்த மாதிரியே அளக்கறியே” என்று ஒரு நாள் சீண்டினேன்.

“நிலாவுல மனுசன் எறங்குனான்னு சொல்றியே, நீ போய் பாத்துட்டா வந்த?” என்றாள்.

மேனேஜரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிற மனிதர். அக்காவின் அழைப்புகள் பதிவாகி லண்டன் வரை போயிருந்தன. ஒரு நாள் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னது எங்களுக்கும் கேட்டது. “இந்தா பாரும்மா. டைம் கேட்டா டைம் சொல்லு, வெல கேட்டா வெல சொல்லு. ஊரு, காத்து, தண்ணி எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட் கெடையாது. ரெண்டு தபா ஆயிடுச்சி. அடுத்த தபா ஆச்சின்னா என் கையில ஒண்ணும் இல்ல, ஊட்டுக்கு அனுப்பிடுவான்.”

“நல்லதத்தானே சொல்றேன் பாய்.”

“நல்லது சொல்றதுக்கா சம்பளம் குடுக்கறான்?”

அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அவளும் அவள் அம்மாவும் எர்ணாவூரில் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். பழைய வீடு சுனாமியில் போய்விட்டது. புது வீடு ஒதுக்குவார்கள் என்ற பேச்சு மட்டும் மாசத்துக்கு ஒரு முறை வந்து போகும். தகரம் பகலில் கொதிக்கும், மழையில் பேச்சுக் கேட்காது. அக்கா இரண்டு வாரம் நேரம் மட்டும் சொன்னாள். மூன்றாம் வாரம் யாரோ ஒருவர் எங்கே போகலாம் என்று கேட்டார், அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

எங்கள் இருவருக்கும் வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. லண்டன்காரனுக்கு மட்டும்தான் ஒரு நாள் பயணமா என்று அவள்தான் ஆரம்பித்தாள். கும்மிடிப்பூண்டி லைனில் ஏறி, நமக்குத் தெரிந்தவர் யாரும் இல்லாத ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்பது ஒரே விதி. அத்திப்பட்டு, அனுப்பம்பட்டு, கவரைப்பேட்டை. அனுப்பம்பட்டில் டீக்கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இங்க இன்னா கீதுன்னு வந்தீங்க?” என்றார். “அதத்தான் ஒங்களாண்ட கேக்கலாம்னு வந்தோம்” என்றாள் அக்கா. அவர் யோசித்து, கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, ஏரிக்கரையில் கொக்குகள் அடையும் மரத்தைக் காட்டக் கூட்டிப் போனார். ஒரு முறை பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து, பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைக்குப் போனோம். மண்டையோடு செதுக்கிய கல்லைத் தடவிக்கொண்டே, “இவன் ஒரு நாள்ல திரும்பிடலாம்னு வந்தவன் போல, பாவம்” என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனபோதுதான் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்கவில்லை. ஆறும் கடலும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தானாக ஆரம்பித்தாள். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் தண்ணீர் தெருவை நனைத்துவிட்டுப் போனது. பிறகு கடல் பின்னால் போனது. பாறாங்கல்லுக்கு அப்பால், பிறந்ததிலிருந்து யாரும் பார்க்காத தரை தெரிந்தது. மீன் துள்ளியது. என்றோ அறுந்துபோன நங்கூரம் ஒன்று மண்ணில் சாய்ந்து கிடந்தது. “பாக்கணும்னு இருந்திச்சி தம்பி. எனக்கு மட்டும் இல்ல, அங்க நின்ன எல்லாருக்கும்தான். அப்பா எறங்கிட்டாரு. நானும் எறங்கலாம்னு செருப்ப அவுத்துகினு இருந்தேன். வாரு சிக்கிகிச்சி. அத்த இழுத்துகினு இருக்கச் சொல்ல தண்ணி வந்திச்சி. வாரு சிக்காம இருந்தா நானும் இல்ல.” பிறகு எழுந்து மணலைத் தட்டிவிட்டு, இங்கே வறுத்த இறால் எங்கே கிடைக்கும் என்று ஒருவரிடம் விசாரிக்கப் போனாள்.

அதற்குப் பிறகு சில வாரங்களில் அந்தப் பெரியவர் அழைத்தார். அவர் மனைவிக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், அந்த வருடம் முழுவதுமாகவே போய்விட்டதாம். கடலைக் கேட்க வேண்டும் என்கிறாளாம். பிரைட்டனுக்குப் போனால் கூட்டத்தின் இரைச்சலும் விளையாட்டுக் கடைகளின் மணியும்தான் காதில் விழும். கூட்டம் இல்லாத இடம் ஏதாவது உண்டா? நடுவில் எங்கள் கப்பல் ஒன்று ஊதியிருக்கிறது. அவர் கேட்டிருக்கிறார், அக்கா தன் பக்கத்துக் கடலைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தில் வரன் பார்க்கிறவர்களின் தீவிரம் இருந்தது. சாக்வெல் என்று ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தாள். லண்டனுக்குக் கிழக்கே, ஒரு மணி நேரத்துக்குள். பிளாட்பாரத்தை விட்டு இறங்கினால் ஒரு சுவர், சுவருக்கு அப்பால் தண்ணீர். காற்றடிக்கும் நாளில் ரயில் ஜன்னலில் கடல் தெறிக்கும் என்று அந்த ஊர்க்காரி ஒருத்தி அவளிடம் சொல்லியிருந்தாள். வேலைக்குப் போகிறவர்களின் நெரிசல் ஓய்ந்த பிறகு கிளம்பும் வண்டியாகப் பார்த்துச் சொன்னாள். அந்த வண்டியில் கழிப்பறை உண்டா என்று சரி பார்த்தாள். திரும்பி வர மூன்று வண்டிகள் சொன்னாள். அவள் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், அது எங்களில் யாருக்கும் தோன்றியிருக்காது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெரியவரின் அழைப்பு என் காதில் வந்து விழுந்தது. “கப்பல் சத்தம் கேட்கும் இடத்திலிருந்து பேசும் பெண் இருக்கிறாளா? அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும். கோபம் எல்லாம் இல்லை. சாக்வெல்லில் நிற்கிறோம். இங்கே கடல் இல்லை.” சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வது போல இருந்தது. ஸ்டேஷன் மாறி இறங்கிவிட்டார் என்றே நினைத்தேன். “யக்கா, ஒன் கடல்காரரு” என்று அவளுக்கு மாற்றிவிட்டேன்.

சிரித்த முகத்தோடு காலை வணக்கம் சொன்னாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. “என்ன இல்லை, சார்?” என்றாள். “எவ்வளவு தூரத்துக்குப் போயிருக்கிறது?” என்றாள். “கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மண்தானா?” எழுந்து நின்றாள். “உள்ளே யாராவது நடந்து போகிறார்களா?” ஒருவர் நாயோடு போகிறார், குழந்தைகள் புழு தோண்டுகிறார்கள் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அப்போது அவளிடமிருந்து வந்த குரலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. முதலில் ஆங்கிலம். கரையை விட்டுப் போங்கள், மேட்டுக்குப் போங்கள், நிற்காதீர்கள். பிறகு அந்த மடிப்பெல்லாம் கலைந்து தமிழ். “கூப்டுங்க அவங்கள, அந்தப் பசங்கள மேல வரச் சொல்லுங்க. அம்மா கையப் புடிச்சிகினு ஓடுங்க சார், திரும்பிப் பாக்காதீங்க, ஓடுங்க.”

அந்தத் தளத்தில் பாதிப் பேர் கடலோரத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள். ‘கடல் உள்ளே போய்விட்டதாம்’ என்ற வார்த்தை நாற்காலிக்கு நாற்காலி தாவியது. எந்தக் கடல் என்று ஒருவரும் கேட்கவில்லை. காசிமேட்டுப் பெண் ஒருத்தி ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, செல்போன் வைத்திருந்த லாக்கரை நோக்கி ஓடினாள். டோவர் போக நேரம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அப்பாவி லண்டன்காரரிடம் எங்கள் பையன் ஒருவன் இன்றைக்குக் கடல் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பாய் டீ டம்ளரோடு அறையை விட்டு வெளியே வந்தார்.

“எந்தக் கடலுடா? யார்ரா சொன்னது?”

“லண்டன் கடலு பாய்.”

“லண்டன்ல ஏதுடா கடலு?”

பயிற்சிக்காக ஒவ்வொரு ஃபோனிலும் இரண்டாவது ஹெட்செட் செருக ஓர் ஓட்டை இருக்கும். என்னுடையதை அக்காவின் ஃபோனில் செருகினேன். முதலில் மூச்சிரைப்புதான் கேட்டது. இரண்டு வயதானவர்களின் மூச்சு, செருப்புச் சத்தம், ஒரு பெண் குரல் “ஏன், ஏன்” என்று கேட்பது. “இன்னும் மேலே, சார். நிற்காதீர்கள்” என்று அக்கா ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் நடந்தார். எதற்கு என்று தெரியாமலே நடந்தார். உன் குரல் அப்படி இருந்தது, என் கால் என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டது என்று பிறகு சொன்னார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு சமன்பட்டதும், மிக மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். “அம்மா, இது தினமும் நடப்பது. ஒரு நாளைக்கு இரண்டு முறை போகும், இரண்டு முறை வரும். சாயங்காலம் சுவரைத் தொட்டுவிடும். நேரம் பார்க்காமல் வந்தது என் தப்பு.”

அக்கா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

“தானாகவா?” என்றாள்.

“தானாகவே.”

“யாரும் பயப்படுவதில்லையா?”

“இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே நடக்கப் போவோம்.”

பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. கண்ணில் தண்ணீர் காயவில்லை, ஆனால் அவள் கேள்வி கேட்கத் தொடங்கினாள். எவ்வளவு தூரம் போகும்? அங்கே தரை எப்படி இருக்கும், மணலா சேறா? படகெல்லாம் என்ன ஆகும்? ஒருக்களித்துப் படுத்துவிடுமா? திரும்பி வரும்போது ஓடி வருமா, நடந்து வருமா? உள்ளே போனவர்களுக்கு யார் சொல்வார்கள்? அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நடந்துதான் வரும், ஆனால் நிற்காமல் நடக்கும். நேரம் போட்டுப் புத்தகமே விற்கிறார்கள். ரயில் நேரம் போலத்தான், பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அந்த அம்மாள் ஃபோனை வாங்கி, “ஏன் இப்படிப் பயந்து போனாய்?” என்று கேட்டாள். அக்கா இரண்டே வாக்கியத்தில் அப்பாவைச் சொன்னாள். அந்தப் பக்கம் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அந்த அம்மாள் சொன்னாள்: “நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. இங்கேயே உட்கார்ந்திருக்கப் போகிறோம். எந்தப் பக்கத்திலிருந்து முதலில் சத்தம் வருகிறது என்று கேட்கப் போகிறேன்.”

காசிமேட்டுப் பெண் திரும்பி வந்தாள். “அம்மா மீன் அறுத்துகினு இருந்தாங்களாம். ‘ஏன்டி, ஒனக்கு வேல வெட்டி இல்லியா’ன்னு கேட்டுட்டு ஃபோன வச்சிட்டாங்க” என்றாள். தளமே சிரித்தது. பயம் இறங்கிப் போகும்போது வருகிற, நிறுத்த முடியாத சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு நாற்காலியாகப் போய், உனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். எல்லோரும் பள்ளிக்கூடத்தில் உயர் ஓதம், தாழ் ஓதம் என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவர்கள்தான். எங்கள் கடலும் ஏறி இறங்குகிறது. ஆனால் அது முழங்கால் அளவு சமாசாரம், மூச்சு விடும் வயிறு மாதிரி. அந்தப் பாடத்துக்குள் இப்படி ஒரு கடல் இருந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்தவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பதிவு லண்டனுக்குப் போனது. அங்கே அதைக் கேட்டவர்கள் சிரித்தார்களா, எரிச்சல்பட்டார்களா என்று எங்களுக்குத் தெரியாது. அவளை வேலையை விட்டு அனுப்பிவிடு என்று மட்டும் பாய்க்கு வந்தது. பாய் உடனே அனுப்பவில்லை. ஒரு நாள் மத்தியானம் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை, என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அவளைச் சம்மதிக்க வைக்க ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

“இனிமே எந்த ஊரு பேரும் எடுக்க மாட்டேன்னு வாயால ஒரு வார்த்த சொல்லு. நா அவனாண்ட பேசிப் பாக்கறேன்.”

“சொல்றேன் பாய். ஆனா ஒண்ணு. கடலோரத்து ஸ்டேசனுக்கு ரயில் டைம் சொல்லச் சொல்ல கடல் டைமும் நமக்குத் தெரியணும். ஸ்கிரீன்ல போடச் சொல்லு.”

“கடலுக்கு ஏதும்மா டைம் டேபிளு?”

“கீது பாய். அந்தப் பெரியவரு சொன்னாரு. கடையில விக்கறானாம்.”

“நம்ம வேல ரயிலு.”

“ரயிலு ஏத்தி எங்க அனுப்பறோம்? சேத்துக்கா?”

பாய் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “ஒனக்கு வேல வேணுமா, வேணாமா?”

“வேணும்.” அந்த ஒரு சொல்லில் தகரக் கொட்டகையும் அவள் அம்மாவும் ஒதுக்கப்படாத வீடும் எல்லாம் இருந்தன. அவள் அதை மறைக்கவும் இல்லை.

“அப்ப கடல வுட்டுடு.”

யோசித்தாள். பிடிவாதக்காரர்கள் யோசிப்பது போல நடிப்பார்கள். இவள் உண்மையாகவே யோசித்தாள். “வுட முடியல பாய். நா பேசாம இருந்தாலும் அவங்க பேசுவாங்களே. நாளைக்கி எவனாச்சும் கூப்ட்டு, கடலு உள்ள பூட்ச்சின்னு சொல்வான். எனக்கு மறுபடியும் அந்த ஞாயித்துக்கெழம வந்துடும், மறுபடியும் கத்துவேன். எத்தினி மணிக்குப் போச்சி, எத்தினி மணிக்கு வரும்னு எதுர்ல எழுதியிருந்தா நா பயப்படாம பேசுவேன். எனக்குன்னுதான் கேக்கறேன். அவங்களுக்குன்னு இல்ல.”

பாய் அன்றைக்கே லண்டனுக்கு அதைச் சொன்னார் என்பதை நான் சாட்சியாக எழுத முடியும், ஏனென்றால் அந்த மின்னஞ்சலை அனுப்பும் முன் ஒரு முறை படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம்தான் வந்தார். பதில் சுருக்கமாக வந்தது. இது ரயில் தகவல் சேவை. அவ்வளவுதான்.

அந்தக் கட்டடம் இப்போதும் இருக்கிறது. கீழே லாரிகளும் இருக்கின்றன. மேலே வேறு எதையோ செய்கிறார்கள். இப்போது யாரும் யாரையும் கூப்பிட்டு ரயில் நேரம் கேட்பதில்லை. என் கைப்பேசியில் உலகத்தின் எந்தக் கரைக்கும் ஓத நேரம் வருகிறது, வளைந்து வளைந்து போகும் ஒரு கோடாக. வேலைக்கு நடுவே, காரணம் ஒன்றும் இல்லாமல், சாக்வெல்லின் கோட்டைத் திறந்து பார்ப்பேன். பள்ளத்தில் இருந்தால், அங்கே இப்போது நாய்கள் நடக்கின்றன, படகுகள் ஒருக்களித்துப் படுத்திருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன். நான் இன்னும் அந்த நாட்டைப் பார்த்ததில்லை. எர்ணாவூருக்கு ஒரு முறை அக்காவைத் தேடிப் போனேன். ஒரே மாதிரி கட்டடங்கள், ஒரே மாதிரி படிக்கட்டு, ஒவ்வொரு வாசலிலும் ஒரே மாதிரி தண்ணீர்க் குடம். வீடு கிடைத்ததாகவும், கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் பொன்னேரிப் பக்கம் பள்ளிக்கூட வேலையாகப் போய்விட்டதாகவும் ஒருவர் சொன்னார். பொன்னேரியில் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. நான் பொன்னேரியில் இறங்கியும் பார்த்தேன். எங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லாத ஸ்டேஷன் என்றுதான் அன்றைக்கு அதில் இறங்கியிருந்தோம்; இப்போது அங்கே தெரிந்தவர் ஒருத்தி இருந்தும் எனக்கு வழி தெரியவில்லை.

அவளை அனுப்பிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பாய் கூப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, ஹெட்செட்டைத் துடைத்து மேசையில் வைத்தாள், சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள். நான் கூடவே படியிறங்கினேன். கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்ட காவலாளி, “இன்னா மேடம், சீக்கிரமே கெளம்பிட்டீங்க” என்றார். “ஆமா நைனா, லண்டன்ல மழ. லீவு வுட்டுட்டான்” என்றாள் அக்கா. வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “டேய், சொம்மா இரு. நா இன்னா செத்தா பூட்டேன்? ட்யூஷனுக்கு எட்டு புள்ளைங்க கேட்டுகினு கீது” என்றாள். பிறகு, “அந்தம்மாவுக்கு எந்தப் பக்கத்துலேந்து மொதல்ல கேட்டிச்சோ தெரியல. அத்த மட்டும் கேக்காம வுட்டுட்டேன்” என்றாள்.

லாரி ஒன்று முன்னால் நகர்ந்தது, அது விட்ட இடைவெளியில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. திருவொற்றியூர், எர்ணாவூர் என்று டிரைவர் கூவினார். ஏறி ஓரத்தில் உட்கார்ந்தவள் தலையை வெளியே நீட்டினாள்.

“நீ மேல போ, பாய் தேடுவாரு. தோ பாரு, நாளைக்கி யாராச்சும் கடலுக்குப் போவணும்னு டைம் கேட்டா, மொதல்ல கடலு வூட்ல கீதான்னு கேட்டுகினு அனுப்பு. இன்னா?”